கெம்னிட்ஸ் நகரத்து டாக்டர் டக்ஸ்

ஜெர்மனி தேசத்தின் கிழக்கே, ஸாக்ஸனி மாநிலத்தில், கெம்னிட்ஸ் என்னும் தொழில் நகரம் ஒன்று உண்டு. கம்யூனிஸ்ட் ஆட்சியில் கார்ல் மார்க்ஸின் பெயரைச் சுமந்திருந்து, 1990-ல் தன் பழைய பெயரைத் திரும்பப் பெற்ற அவ்வூரின் தொழில்நுட்ப சர்வகலாசாலையில், லினக்ஸ் அபிமானிகள் மார்ச் மாதத்துச் சனி ஞாயிறு ஒன்றில் கூடுவது 1999-ம் ஆண்டிலிருந்து சம்பிரதாயமாகிவிட்டது. சொற்பொழிவுகள், பயிற்சி வகுப்புகள், சிறுவர்களுக்கென்று தனிப் பகுதி என விழாவுக்கு உரிய அங்கங்கள் யாவும் உண்டு. ஆயினும் அவ்விழாவின் ஜீவன், 'டாக்டர் டக்ஸ் சிகிச்சைச் சாலை' என்று பெயரிட்டு அவர்கள் நடத்திவந்திருக்கும் ஓர் ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். டக்ஸ் என்பது லினக்ஸின் சின்னமாகிய பெங்குவின் பறவையின் பெயர். கோளாறு கண்ட கணிப்பொறியைக் கையோடு எடுத்துக்கொண்டு எவரும் அங்கே போகலாம். விஷயம் தெரிந்த தொண்டர்கள் பக்கத்தில் அமர்ந்து, என்ன நேர்ந்தது என்று விசாரித்து, பரிகாரம் தேட உதவுவார்கள்.

கணிப்பொறிக்கு வரும் கோளாறை ஒரு சகவாசி பக்கத்தில் அமர்ந்து தீர்த்துவைப்பதில் இத்தனை விசேஷம் என்ன என்று வாசகர் கேட்கலாம். அதற்கு விடை சொல்ல, லினக்ஸ் எத்தகைய பொருள் என்பதைச் சற்றே விளக்க வேண்டும். கணிப்பொறியின் பொத்தானை அமுக்கியதும் விழித்தெழுந்து, விசைப்பலகை, திரை, வட்டு, அச்சுப்பொறி முதலிய உறுப்புகளையெல்லாம் ஓர் ஒழுங்கில் இயக்கி, நாம் எழுதவும் படம் பார்க்கவும் கணக்குப் போடவும் இடம் செய்து கொடுக்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். கடையில் வாங்கும் கணிப்பொறிகளில் பெரும்பாலும் மைக்ரோஸாஃப்ட் கம்பெனியின் விண்டோஸ் இருக்கும். ஹெல்ஸிங்கி நகரத்து மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கிவைத்த லினக்ஸோ, மூல நிரல்கள் யாவும் பகிரங்கமாக வைக்கப்பட்டது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம். உறைமோர் கொடுத்த வீட்டில் தயிர் குறைவதில்லை என்பதுபோல, கொடுப்பதால் கொடுத்தவருக்கு நஷ்டம் ஏதுமில்லை.

இந்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடவும் இல்லை. லினக்ஸின் மூல நிரலை எடுத்துத் தன் சாதனங்களில் பயன்படுத்திக்கொண்டு, அதற்குரிய நிபந்தனைகளை நிறைவேற்றாமல் விட்டதாக ஒரு வர்த்தக நிறுவனத்தின் மீது ஹரால்ட் வெல்டே என்ற ஜெர்மானிய நிரலாளர் வழக்குத் தொடுத்தபோது, அந்நிபந்தனைகள் சட்டப்படி செல்லும் என்று 2004-ம் ஆண்டு மே மாதத்தில் மியூனிக் நகரத்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பகிர்ந்து கொடுப்பவர்களின் பக்கம் ஒரு நியாயஸ்தலம் நின்ற முதல் சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

ஆனால் எல்லோருக்கும் சொந்தமான பொருளில் ஒரு சங்கடமும் இருக்கிறது. பழுது ஏற்பட்டால் எவரிடம் போய் முறையிடுவது? பெரிய ஸ்தாபனங்கள் பணம் கொடுத்துப் பராமரிப்பு ஒப்பந்தம் செய்துகொள்ளும். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், தம் பேரக் குழந்தையின் புகைப்படங்கள் இருக்கும் மடிக்கணினி ஒரு நாள் காலையில் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டால், யாரைத் தேடிப் போவார்? ஜெர்மனியின் லினக்ஸ் அபிமானிகள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக விடை கண்டுகொண்டிருப்பது இந்தக் கேள்விக்குத்தான். அவர்களுடைய மென்பொருளைவிட இந்த விடையே மெச்சத்தக்கது என்று நான் நினைக்கிறேன்.

அத்தேசத்து ஜனங்களுக்குச் சங்கம் அமைப்பது ஒரு சுபாவம். ஏழு பேர் சேர்ந்தால் போதும், விதிகளை எழுதி நீதிமன்றத்தில் பதிவு செய்து, சட்டப்படி ஒரு சங்கமாகிவிடலாம். பாட்டுக்குச் சங்கம், தோட்டத்துக்குச் சங்கம், நடைப் பயணத்துக்குச் சங்கம் என்று வளர்ந்த அந்தப் பழக்கத்தில் லினக்ஸும் இயல்பாக வந்து சேர்ந்தது. பெர்லினிலிருந்து சிறு பட்டணங்கள் வரையில் லினக்ஸ் பயனர் குழுக்கள் தோன்றின. மாதத்தில் குறித்த ஒரு மாலையில், சர்வகலாசாலை அறையிலோ, நகராட்சி நடத்தும் முதியோர் கல்விக் கூடத்திலோ, உணவகத்து மூலையில் ஒதுக்கிவைத்த மேசையைச் சுற்றியோ கூடுவார்கள். புதிதாக வந்தவர் தம் மடிக்கணினியைத் திறந்து வைப்பார். கட்டணம் கிடையாது, தகுதிச் சான்றும் எவரும் கேட்பதில்லை.

இந்தக் குழுக்களின் ஊற்று சர்வகலாசாலைகளில் இருந்தது. 1992-ல் நியூரம்பர்க் வட்டாரத்து இளைஞர்கள் சிலர் தொடங்கிய சூஸே என்னும் கம்பெனி, லினக்ஸைக் குறுந்தகடுகளாக அட்டைப்பெட்டியில் வைத்து, கனத்த அச்சுப் புத்தகம் ஒன்றையும் சேர்த்து ஜெர்மானிய பாஷையில் விற்றது. இணைய இணைப்பு அரிதாயிருந்த அந்நாளில், தாய்மொழியில் நிதானமாக எழுதப்பட்ட அந்தப் புத்தகமே பலருக்கு முதல் குருவாயிற்று. 1996-ல் கைஸர்ஸ்லாவ்டர்ன் சர்வகலாசாலை மாணவர்கள் தொடங்கிய லினக்ஸ் திருநாள் பிற்காலத்தில் பெரும் கண்காட்சியாக வளர்ந்தது. அதே ஆண்டு அக்டோபர் 14-ம் தேதி, ட்யூபிங்கன் நகரத்து மாணவர் மத்தியாஸ் எட்ரிஹ், கட்டளைகளை மனப்பாடம் செய்யும் நிபுணர்களை உத்தேசிக்காமல் சாதாரணப் பயனரையே மனத்தில் கொண்டு, ஒரே சீரான தோற்றமுள்ள திரைமுகப்பு ஒன்றை உருவாக்கச் சகாக்களை அழைத்தார். கேடிஈ என்று இன்று உலகெங்கும் வழங்கும் அந்த முகப்பு அவ்வழைப்பில் பிறந்தது.

கிளாவுஸ் க்னோப்பரை இங்கே நினைக்காமல் மேலே செல்ல மனம் வரவில்லை. வட்டில் எதையும் பதிக்காமல், ஒரு குறுந்தகட்டைச் செருகியே முழு லினக்ஸையும் இயக்கிப் பார்க்கலாம் என்பதை அவருடைய க்னோப்பிக்ஸ் 2000-ம் ஆண்டு வாக்கில் சாதாரண ஜனங்களுக்குக் காட்டியது. விண்டோஸ் எழும்பாமல் படுத்துவிட்ட கணிப்பொறியிலும் அந்தத் தகட்டைக் கொண்டு உள்ளே நுழைந்து, கடிதங்களையும் படங்களையும் வெளியே எடுத்துக் காப்பாற்றியவர்கள் ஏராளம். பார்வைக் குறைவுடையவர்கள் திரையைப் பாராமலே குரலைக் கேட்டுக் கணிப்பொறியை இயக்கும்படி அவர் பின்னர் சேர்த்த பகுதிக்கு, பார்வைக் குறைவுடைய தம் மனைவி அத்ரியானேயின் பெயரையே இட்டார். வீட்டிலுள்ள ஒருவருக்குச் செய்த சகாயம், அறியாத பலருக்கும் போய்ச் சேர்ந்தது.

சரி, பயனர் குழுக்களின் கூட்டங்களுக்கு வரும் கோளாறுகள்தாம் எத்தகையவை? பாமரர் நினைப்பதுபோல அவை பெரிய ரகசியங்கள் அல்ல. கம்பியில்லா இணைப்பு வேலை செய்யாது, அச்சுப்பொறி மௌனமாயிருக்கும், கடவுச்சொல் சரியாக இருந்தும் ஏற்கப்படாது, கடிகாரம் தப்பாக ஓடும். இவற்றில் மூன்றை அருகில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

ஜெர்மானிய விசைப்பலகையில், ஆங்கில விசைப்பலகையோடு ஒப்பிட்டால், ஒய் என்ற எழுத்தும் இஸட் என்ற எழுத்தும் இடம் மாறியிருக்கும். குறியீடுகள் பலவும் வேறு வேறு விசைகளில் இருக்கும். லினக்ஸை நிறுவும்போது, விசைப்பலகை எது என்று கேட்கும் இடத்தில் ஒருவர் கவனியாமல் ஆங்கிலத்தையே விட்டுவிட்டு மேலே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடவுச்சொல் தட்டும்போது திரையில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால், தாம் தட்டியதாக நினைக்கும் எழுத்து ஒன்று, கணிப்பொறி வாங்கிக்கொண்ட எழுத்து மற்றொன்று என்பதை அவர் அறிவதில்லை. பிறகு விசைப்பலகையை ஜெர்மானியத்துக்கு மாற்றிக்கொள்கிறார். மறுநாள் கடவுச்சொல் ஏற்கப்படுவதில்லை. இயங்குதளமே பழுது என்று மனம் நொந்து அவர் வந்து அமர்கிறார். அனுபவசாலி செய்வது இவ்வளவே: "அந்தச் சொல்லை எனக்குச் சொல்ல வேண்டாம், விசைப்பலகையை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி, பயனர் பெயர் எழுதும் கட்டத்தில், நான் பார்க்காதபோது, ஒரு முறை தட்டிப் பாருங்கள், நீங்கள் நினைத்த எழுத்துகள்தாம் வருகின்றனவா?" என்று கேட்பார். கட்டத்தில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும். ஒய் நிற்க வேண்டிய இடத்தில் இஸட் நிற்பதைக் கண்டதும் கேட்டவரே விஷயத்தைப் புரிந்துகொள்வார்.

கடிகாரத்தின் விவகாரம் இன்னும் சுவையானது. ஒரே கணிப்பொறியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பயன்படுத்துகிறவர்கள், லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பும்போது நேரம் பின்தங்கியிருப்பதைக் காண்பார்கள். குளிர்காலத்தில் ஒரு மணி நேரம், கோடையில் இரண்டு மணி நேரம். கணிப்பொறியை அணைத்த பின்னும் சிறு மின்கலத்தின் பலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் ஒன்று உள்ளே உண்டு. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். விண்டோஸோ அதில் இருப்பது உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியின் நேரம் பொது நேரத்தைவிடக் குளிர்காலத்தில் ஒரு மணியும் கோடையில் இரண்டு மணியும் முன்னால் இருப்பதால் வந்த வித்தியாசம் அது. நம் நாட்டில் இதே கோளாறு ஐந்தரை மணி நேரமாகக் காணும். இரண்டில் ஒன்று மற்றொன்றின் வழக்கத்தை ஏற்கும்படி ஓர் அமைப்பை மாற்றினால் தீர்ந்தது. பரிகாரத்தைச் செய்ய ஒரு நிமிஷம் போதும்; காரணத்தைச் சொல்லப் பத்து நிமிஷமாகும். நல்ல குழுக்களில் அந்தப் பத்து நிமிஷத்தைச் சலிப்பின்றிச் செலவிடுகிறார்கள். காரணம் தெரிந்தவர் அடுத்த மாதம் வேறொருவருக்கு அதைச் சொல்லிக் கொடுப்பார் என்ற நம்பிக்கையே அதற்கு ஆதாரம்.

கம்பியில்லா இணைப்பின் தொல்லைக்குப் பெரும்பாலும் ஒரு சரித்திரம் உண்டு. அச்சாதனங்களை இயக்கும் சிறு நிரல்களைத் தயாரிப்பாளர்கள் திறந்து கொடுப்பதில்லை என்பதால், சுதந்திரத்தில் பிடிவாதமுள்ள டெபியன் என்னும் லினக்ஸ் வகை அவற்றைத் தன் நிறுவு தகட்டில் சேர்க்காமலே நெடுங்காலம் இருந்தது. இணைப்புக்கு வேண்டிய நிரலை எடுக்கவே இணைப்பு வேண்டும் என்ற இக்கட்டில், உதவுகிறவர் தம் கைபேசியைக் கம்பியால் மாட்டி அதன் வழியே இணையத்தைக் கொடுப்பார். 2022-ல் டெபியன் அங்கத்தினர்கள் வாக்கெடுத்துத் தங்கள் விதியைத் தளர்த்தினார்கள். அடுத்த ஆண்டு வந்த 12-ம் பதிப்பில் அந்நிரல்கள் இடம் பெற்றன. கொள்கையைப் பெரிதாக மதித்தவர்களும் பயனரின் சிரமத்தைக் கண்டு இரங்கிய நிகழ்ச்சி அது. அவர்கள் செய்தது சரியென்றே சொல்வேன்.

உதவி செய்வதில் ஒரு மரியாதை இருக்கிறது. மற்றவருடைய விசைப்பலகையைப் பிடுங்கிக்கொண்டு, அவர் விழித்துக்கொண்டிருக்க, பத்துக் கட்டளைகளைப் படபடவென்று தட்டி, "சரியாகிவிட்டது" என்று எழுந்து போகிறவன் உபகாரம் செய்தவனாக மாட்டான். கை கேட்டவருடையதாகவே இருக்க வேண்டும். அருகில் இருப்பவர் வாயால் வழி சொல்ல வேண்டும். எதையும் தொடுமுன், முக்கியமான ஆவணங்களுக்கும் படங்களுக்கும் வேறோரிடத்தில் பிரதி இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே முதல் வேலை. கேட்கிறவருக்கும் கடமை உண்டு. 'வேலை செய்யவில்லை' என்ற ஒரு வாக்கியத்தைக் கொண்டு மகா வைத்தியனும் நோயறிய முடியாது. எந்த லினக்ஸ், எத்தனையாவது பதிப்பு, கடைசியாக எதை மாற்றினோம், திரையில் வந்த எச்சரிக்கையின் வாசகம் என்ன என்பவற்றைக் குறித்துக்கொண்டு, அவ்வாசகத்தைக் கைபேசியில் படமெடுத்தும் கொண்டு போனால், பாதிச் சிக்கல் வழியிலேயே அவிழ்ந்துவிடும்.

அரசாங்கக் காரியாலயங்களும் இதே பாடத்தைப் படிக்க நேர்ந்தது. மியூனிக் நகரசபை தன் அலுவலகக் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்ற 2003-ல் முடிவு செய்தது. அதைத் தடுத்துப் பேச மைக்ரோஸாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் தம் விடுமுறையை இடையில் நிறுத்திவிட்டு மேயர் கிறிஸ்டியான் ஊடேயைக் காண வந்தார் என்றால், அம்முடிவின் முக்கியத்துவத்தை ஊகித்துக்கொள்ளலாம். பத்தாண்டு பிரயாசையில் ஏறத்தாழ 15,000 கணிப்பொறிகள் மாற்றப்பட்டன. ஆயினும் 2017-ல் புதிய நிர்வாகத்தின் காலத்தில் விண்டோஸுக்கே திரும்புவது என்று சபை தீர்மானித்தது. ஊழியர்களின் குறைகள் பல; ஆனால் நகரசபையே ஏற்பாடு செய்த ஆய்வு, மென்பொருளைவிட, கணிப்பொறிப் பராமரிப்பு பல துறைகளில் சிதறிக் கிடந்த நிர்வாகக் குறைகளையே பெரிதாகக் காட்டியது. குறை கேட்பவர் யார், தீர்ப்பவர் யார் என்பது தெளிவில்லாத இடத்தில் எந்த இயங்குதளமும் கெட்ட பெயரையே சம்பாதிக்கும்.

வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் இப்போது மியூனிக் தொடங்கிய வழியில் இறங்கியிருக்கிறது. ஏறத்தாழ 30,000 ஊழியர்களின் மேசைகளில் மைக்ரோஸாஃப்டின் அலுவலக மென்பொருளுக்குப் பதில் லிப்ரே ஆஃபீஸை வைப்பதென்று 2024 ஏப்ரலில் அதன் மந்திரிசபை அறிவித்தது. விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போவதும் திட்டத்தில் உண்டு. 2025 அக்டோபரில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல் பெட்டிகளை மாற்றி முடித்துவிட்டதாகவும் தெரிவித்தது. லிப்ரே ஆஃபீஸின் பூர்வீகமும் அதே வட திசைதான்: லூனபுர்க் நகரில் மார்க்கோ பெரிஸ் என்ற இளைஞர் 1985-ல் தொடங்கிய கம்பெனியின் எழுத்து மென்பொருளே கைமாறி வளர்ந்து இன்று அப்பெயர் தாங்கி நிற்கிறது.

அதே 2025 அக்டோபர் 14-ம் தேதி மற்றொரு காரணத்தாலும் பிரசித்தி பெற்றது. விண்டோஸின் 10-ம் பதிப்புக்கு இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோஸாஃப்ட் அன்றோடு நிறுத்துவதாக முன்னரே அறிவித்திருந்தது. ஐரோப்பியப் பயனர்களுக்குப் பின்னர் ஓராண்டு அவகாசம் கொடுத்தது. அடுத்த பதிப்போ, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய வகைச் செயலியும் இல்லாத கணிப்பொறிகளை ஏற்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் யந்திரங்கள் குப்பைக்குப் போகும் நிலைமையைக் கண்டு, பெர்லினிலுள்ள கேடிஈ சங்கம் முதலியவை சேர்ந்து, அவற்றில் லினக்ஸை நிறுவிக்கொள்ளுங்கள் என்று பிரசாரம் செய்தன. எட்ரிஹ் தம் சகாக்களை அழைத்த அக்டோபர் 14-ம், இந்த அக்டோபர் 14-ம் ஒன்றாக வாய்த்தது தற்செயலே.

இந்தச் சமயத்தில் கைகொடுத்தவை பழுதுபார்ப்புக் கூடங்கள். 2009-ல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டினே போஸ்ட்மா தொடங்கிவைத்த முறை அது. மின்விசிறியும் தையல் யந்திரமும் ரேடியோவும் கொண்டு வந்து, தொண்டர்களோடு சேர்ந்து தாமே பழுது பார்த்துக்கொள்ளும் அந்தக் கூடங்கள் ஜெர்மனியில் ஊருக்கு ஊர் பரவின. தையல் யந்திரத்துக்கு ஒரு மேசை போட்டிருக்கும் இடத்தில் லினக்ஸுக்கும் ஒரு மேசை போடுவது கடினமா? பல ஊர்களில் போட்டார்கள். பிரவுன்ஷ்வைக் நகரில் 2020-ல், பள்ளிகள் மூடியிருந்த தொற்றுக் காலத்தில், 'ஹே ஆல்டர்' என்ற பெயரில் சிலர் வேறொரு காரியத்தைத் தொடங்கினார்கள்: கம்பெனிகளும் குடும்பங்களும் ஒதுக்கிவிட்ட மடிக்கணினிகளைத் திரட்டி, துடைத்து, லினக்ஸை ஏற்றி, கணிப்பொறி இல்லாத மாணவர்களுக்குக் கொடுப்பது. அது பிறகு பல நகரங்களுக்குப் பரவியது. உதவி பெற்றவரின் வறுமையை விசாரித்து அவமதிக்காமல், ஒரு யந்திரத்தையும் அதை இயக்கும் வழியையும் கொடுத்து அனுப்பிய அவர்களை வாயார வாழ்த்த வேண்டும்.

நம்மிடம் இது இல்லை என்று எவரும் ஏங்க வேண்டாம். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1990-களின் இறுதியிலேயே தோன்றியது. அதன் கூட்டங்கள் ஐ.ஐ.டி. வளாகத்தில் நடந்து வந்திருக்கின்றன. காஞ்சிபுரத்தில் ஒரு குழு இருக்கிறது. விழுப்புரத்தில் கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்பிக்கும் குழு இருக்கிறது. கணியம் அறக்கட்டளை இவ்விஷயங்களையெல்லாம் நல்ல தமிழில் எழுதி எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டு வருகிறது. தமிழ்99 முறையில் தட்டெழுதுவதற்கு வேண்டிய ஏற்பாடும் லினக்ஸுக்குக் கட்டணமின்றியே கிடைக்கிறது. ஜெர்மனியில் இருப்பதும் நம்மிடம் போதாததும், அந்தக் குழுக்களைத் தேடிப் போகும் சாதாரண ஜனங்களே. இங்கே அவை மாணவர்களும் பொறியாளர்களும் கூடும் இடமாக இருக்கின்றனவேயன்றி, ஓய்வு பெற்ற ஆசிரியையும் மளிகைக் கடைக்காரரும் தம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போகும் இடமாக இன்னும் ஆகவில்லை.

ஆகவே வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். பரண்மேல் தூங்கும் பழைய மடிக்கணினியைக் காயலான் கடைக்குப் போடுமுன், அதிலுள்ள படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு, பக்கத்து ஊரில் இத்தகைய குழு கூடும் நாளை விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கொண்டு போங்கள். குழு இல்லாத ஊராயிருந்தால், நூலகத்தில் மாதத்துக்கு ஒரு மாலை ஒரு மேசை கேளுங்கள். விஷயம் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார், அவரை அழைத்து உட்கார வையுங்கள்.